வயர் தானாகக் கழலவில்லை

தம்பி,

கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. மண்டபத்துக்காரர் தினமும் போன் செய்து சாப்பாட்டைப் பற்றி ஏதாவது ஒரு புதுச் சந்தேகம் கேட்கிறார். உன் அத்தை வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, வெள்ளை அடிக்காமல் பெண் வீட்டாரை உள்ளே கூப்பிட்டால் அசிங்கம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நீ வந்து இறங்கிவிட்டால் வீடு நிறைந்துவிடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நானும் நீயும் எதுவும் பேசப்போவதில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். உன்னைப்போல எதையும் பூட்டி அனுப்ப எனக்குத் தெரியாது. திறந்தே எழுதுகிறேன். மருமகளாக வரப்போகிற பெண் படித்தாலும் சரி, வேறு யார் படித்தாலும் சரி, எனக்கு வருத்தம் இல்லை. இந்த வயதில் மறைத்து வைக்க என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ வெளிநாடு போன நாளிலிருந்து உன் போன் வந்தால் நான்தான் முதலில் எடுப்பேன். எடுத்ததும் "இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பேன். உன்னிடம் பேச எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாது, அவ்வளவுதான். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளின் பெயரையும் இனிஷியலையும் எழுதியவன் நான். பேச்சு என்பது உன் அம்மாவின் துறை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். மயக்கத்தில் கிடக்கிற நோயாளியிடம்கூடப் பேச்சுக் கொடுப்பாள். அவள் உன்னோடு பேசி முடித்துவிட்டு வந்து, நீ என்ன சாப்பிட்டாய், அங்கே பனி எப்படி விழுகிறது, உன் மேலதிகாரி எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு ஒன்றுவிடாமல் சொல்வாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். என் மகனோடு நான் பேசிவிட்ட மாதிரியே இருக்கும்.

அவள் நோயில் விழுந்து இறந்துபோன பிறகு போனைக் கொடுக்க ஆள் இல்லை. நீ கூப்பிட்டாய், நான் எடுத்தேன். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன். நீ?" "இனிமேத்தான்." "குளிரா?" "ஆமாப்பா." "சரி, வைக்கட்டா?" இதுதான் நம் பேச்சு. வைத்த பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்க நினைத்தது எல்லாம் அப்போதுதான் வரிசையாக ஞாபகம் வரும். திரும்பக் கூப்பிட்டால் நீ பயந்துவிடுவாய் என்று கூப்பிடமாட்டேன்.

இங்கே திருப்பரங்குன்றத்தில் நம் வீட்டில் இந்த இரண்டு வருடங்கள் எப்படிப் போயின என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காலையில் ரயில் சத்தத்துக்கு எழுந்துவிடுவேன். ஒருவனுக்குச் சோறு வடிப்பது எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. ஒன்று மிஞ்சும், இல்லாவிட்டால் பற்றாது. டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கை கொடுப்பார்கள், "எப்பிடி இருக்கீங்கய்யா?" என்பார்கள். "கர்த்தருடைய கிருபை" என்பேன். அந்த வார்த்தையோடு அந்த வாரத்துக்கான என் பேச்சு முடிந்துவிடும். சில வாரம் வியாழக்கிழமை பால்காரரிடம் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கமறும். குரல் அத்தனை நாள் சும்மா இருந்திருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் நீ கூப்பிட்டு, "அப்பா, என் பழைய லேப்டாப் பத்திரமா இருக்கா?" என்று கேட்டாய். நீ காலேஜில் வாங்கியது, வெளிநாடு போகும்போது அம்மா உன்னைப் பார்த்துப் பேசுவதற்காக வீட்டில் விட்டுப்போனது. பீரோவில் அவள் சேலைகளுக்கு அடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் மூடி சரியாக மூடவில்லை, அடிப்பக்கம் வயிறு ஊதின மாதிரி உப்பியிருந்தது. சொன்னதும் நீ பதறிப்போய்விட்டாய். "அப்பா, பேட்டரி ஊதிருச்சு. தீப்பிடிச்சிரும். மொதல்ல அதக் கழட்டணும். ஆனா உள்ள இருக்கிறது எனக்கு வேணும்ப்பா. கல்யாணத்துக்கு வர்றவரைக்கும் அது தாங்காது." உன் குரலில் அப்படி ஒரு கெஞ்சலை நீ பத்தாம் வகுப்பில் சைக்கிள் கேட்டபோதுதான் கடைசியாகக் கேட்டேன்.

மறுநாளே அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கோரிப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். தர்கா பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார், உன் வயசைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும். பக்குவமாகப் பேட்டரியைப் பிரித்தெடுத்து மணல் வாளியில் வைத்தார். பிறகு கரண்டில் சொருகி ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "ஓடுதுண்ணே. ஆனா டிஸ்க்கு முனகுது. ரொம்ப நாளைக்கு வராது. உள்ள இருக்கிறத நான் எடுத்துத் தரவா?" என்றார். எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. "தம்பி நல்லாப் பூட்டி வச்சிருக்காப்லண்ணே. டிஸ்க்க மட்டும் தனியாக் கழட்டி வேற மெஷின்ல போட்டா ஒண்ணுமே தெரியாது. எல்லாம் வெறும் கிறுக்கலாத்தான் வரும். இந்த மெஷின் உசுரோட இருக்கும்போதே அவுகதான் மாத்தணும்."

நீ புது டிஸ்க் ஒன்றைக் கூரியரில் வீட்டுக்கு வரவழைத்தாய். உள்ளங்கை அளவுதான் இருந்தது. பேட்டரி இல்லாத மெஷின், நடுவில் கரண்டு போனால் கதை முடிந்தது. ஆகவே மின்தடை அறிவிப்பு இல்லாத ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, லேப்டாப்பை வைத்து, புது டிஸ்க்கை ஒரு வயரால் அதில் சொருகி, சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பி, போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தேன். நீ வீடியோவில் வந்தாய். அப்போதுதான் எழுந்திருப்பாய்போல, தலை கலைந்து கிடந்தது. உனக்குக் காதோரத்தில் நரை வந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அங்கிருந்தபடியே இந்த மெஷினுக்குள் நுழைந்து என்னென்னவோ செய்தாய். திரையில் ஒரு பச்சைப் பட்டை இடது பக்கம் முளைத்து மெதுவாக வளர ஆரம்பித்தது. எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. "ஏப்பா, பூட்டியிருக்குன்னு பாய் சொன்னாரே. இப்பத் தொறந்து எடுக்குறியா?" என்றேன்.

"இல்லப்பா. தொறக்கவே வேணாம். பூட்டுன மேனிக்கே இந்த டிஸ்க்ல இருந்து அந்த டிஸ்க்குக்குப் போகும். தொறந்து எடுத்து, மறுபடி பூட்டி வச்சா நேரமும் வீணு, நடுவுல யாராச்சும் பாத்துருவாங்கங்கிற பயமும் இருக்கு."

"அப்பச் சாவி?"

"சாவி அந்த லேப்டாப்புக்குள்ள ஒரு சின்ன சிப்புல இருக்கு. அது மட்டும் வேற ஒரு பூட்டுக்குள்ள போய், தனியா எனக்கு வந்துரும். சாமான் ஒரு வழி, சாவி ஒரு வழி. ஆபீஸ்லயும் நான் இதத்தான்ப்பா பாக்குறேன். ஒரு சிப்புல இருந்து இன்னொரு சிப்புக்கு, பூட்டுனது பூட்டுன மாதிரியே, எம்புட்டு வேகமா அனுப்ப முடியும்னு."

நீ வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் உன் வேலை என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கோயிலில் கேட்கிறவர்களிடம் "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டுமே இது புதிது, உன் அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு கொஞ்சம் உறுத்தியது. "ஓடும்போது வயரத் தொட்டுறாதீங்கப்பா. எழுதிக்கிட்டு இருக்கிற நேரத்துல கழண்டா, அதுவரைக்கும் போனது அம்புட்டும் கெட்டுப்போகலாம். பழைய டிஸ்க்கும் நின்னா மறுபடி எந்திரிக்குமோ என்னமோ" என்று நீ இரண்டு தடவை சொன்னாய். நான் தலையாட்டினேன்.

நீ போனை வைக்கவில்லை. டிஸ்க் எந்த நேரமும் மக்கர் செய்யலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தாய். எப்போதும் இரண்டு நிமிடத்தில் முடிகிற போன் அன்றைக்கு மதியம் தாண்டியும் ஓடியது. முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிறகு அது பழகிவிட்டது. நீ ரொட்டியில் எதையோ தடவித் தின்றாய், நான் கத்தரிக்காய் நறுக்கினேன். "என்னப்பா குழம்பு?" என்றாய். "வெறும் புளிக்குழம்புதான்." "எனக்கும் புளி இருக்கு. எப்பிடி வைக்கணும்?" என்றாய். நான் சொல்லச் சொல்ல நீ அங்கே ஒரு சட்டியில் வைத்தாய். வெங்காயத்தைக் கருக்கிவிட்டாய். "தீயக் கொறடா" என்று நான் கத்தியதும் நீ சிரித்ததும், நம் வீட்டுச் சமையலறையில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட மனிதச் சத்தம். நீ சிரித்து அடங்கியதும் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

சாயங்காலம் நெருங்கும்போது நீ துள்ளிக் குதித்தாய். "அப்பா, இம்புட்டு நேரம் காலி எடத்தையெல்லாம் சேத்துக் காப்பி பண்ணிக்கிட்டு இருந்துச்சு. அத விட்டுட்டு, விசயம் இருக்கிற எடத்த மட்டும் எடுக்கிற மாதிரி மாத்திட்டேன். பாருங்க, எப்பிடி ஓடுதுன்னு! இன்னும் கொஞ்ச நேரந்தான், முடிஞ்சிரும்." பட்டை கண்ணெதிரே ஓடி வலது ஓரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. "நான் ஒரு காபி போட்டுட்டு வாரேன்ப்பா" என்று எழுந்து போனாய். போனில் உன் காலி நாற்காலியும் அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு ஜன்னலும் தெரிந்தன.

நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது முடிந்தால் நீ "சரிப்பா, வைக்கட்டா?" என்பாய். நான் ஃபேனை அணைப்பேன், மேசையைத் துடைப்பேன், டிவியைப் போடுவேன். அடுத்த போன் எப்போது வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எனக்குத் தெரியும். தம்பி, இதைத்தான் சொல்ல வந்தேன். நான் கையை நீட்டி, புது டிஸ்க்கின் வயரைப் பிடித்து இழுத்தேன். தடுக்கிப் படவில்லை, ஃபேன் காற்றில் ஆடிக் கழலவும் இல்லை. யோசித்து, கண்ணைத் திறந்துகொண்டு, நானே இழுத்தேன்.

லேப்டாப் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டது. நீ காபியோடு ஓடிவந்தாய். "என்னாச்சுப்பா?"

"தெரியலப்பா. வயரு கழண்டுக்கிச்சுபோல."

உன் முகம் வெளிறிப் போயிருந்தது. வயரைத் திரும்பச் சொருகச் சொன்னாய். என்னவோ தட்டினாய், நிறுத்தினாய், மறுபடி தட்டினாய். உள்ளே டிஸ்க் முனகுவது எனக்கே கேட்டது. மூச்சு நின்றுபோன மனிதனை எழுப்புகிற மாதிரி நீ எதையோ திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாய். வெகு நேரம் கழித்து, "எந்திரிச்சிருச்சு" என்று நாற்காலியில் சாய்ந்தாய். அதுவரை போனது கெடவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும்படிதான் புரோகிராமை எழுதி வைத்திருக்கிறேன் என்றாய். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாய். "இன்னைக்குப் போதும்ப்பா. மெஷின் சூடாயிருச்சு. நாளைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வாங்க, மீதியப் பாப்போம்" என்றாய். பொய் சொல்லிப் பெற்ற ஒரு நாளை வைத்துக்கொண்டு நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரிடமும் நிற்காமல் வந்துவிட்டேன். நீ தயாராக இருந்தாய். பட்டை மீண்டும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரையைக் கறுப்பாக்கிவிட்டாய், "சூடு கொறையும்ப்பா, உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்" என்றாய். அன்றைக்கு நீதான் நிறையப் பேசினாய். மருமகளைப் பற்றிச் சொன்னாய். அவள் திண்டுக்கல்லில் வளர்ந்தவள், கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவாள், அந்தப் பேசாமை உனக்குப் பயமாக இருக்கிறது என்றாய். "எங்கப்பாகிட்டப் பழகுனவனுக்கு இதென்ன பயம்னு அவகிட்டச் சொன்னேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் வலித்தது.

வெயில் சாயும் நேரத்தில் நீ திடீரென்று, "அப்பா, இதுல என்ன இருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாய்.

"உன் படிப்பு சம்பந்தமா ஏதாச்சும் இருக்கும்."

"அம்மா இருக்காங்கப்பா."

நான் புரியாமல் பார்த்தேன். நீ மெதுவாகச் சொன்னாய். அவள் படுத்திருந்த அந்தக் கடைசி மாதங்களில், நான் மதியம் மருந்து வாங்கவும் பள்ளிக்கூடத்துப் பழைய வேலையை முடித்துக் கொடுக்கவும் வெளியே போகிற நேரத்தில், அவள் இந்த லேப்டாப்பைத் திறந்துவைத்து உன்னோடு பேசியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தேதான் அதையெல்லாம் இந்த மெஷினிலேயே பதிந்து வைத்திருக்கிறாய். "அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம், பூட்டி வையி" என்று அவள் சொன்னதால் பூட்டினாய்.

"என்ன பேசுனா?" என்றேன்.

"வலியப் பத்திப்பா. ராத்திரி வலி வந்தா, நீங்க முழிச்சிரக் கூடாதுன்னு சேலை முந்தானைய வாயில வச்சுக் கடிச்சுக்குவாங்களாம். எப்ப முடியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நர்ஸு இல்லையா. அழுவாங்க. அழுது முடிச்சுட்டு மூஞ்சியக் கழுவிட்டு, அப்பா வர்ற நேரமாச்சு, வைக்கிறேன்னு வச்சிருவாங்க."

"எங்கிட்ட, இன்னைக்குக் கொஞ்சம் தேவலைன்னுதானே தெனமும் சொன்னா."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். "அப்பா தாங்கமாட்டாருன்னு சொன்னாங்கப்பா."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஒரே கட்டிலில் ஒரு கை தூரத்தில் படுத்திருந்தேன் தம்பி. ஒரு நாள்கூட எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட முழு உண்மையா என்று இப்போது சந்தேகம் வருகிறது. "தேவலை" என்று அவள் சொன்னதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஒவ்வொரு நாளும் நிம்மதியாகச் சோறு தின்றேனே, அது நினைவுக்கு வந்தது. அப்புறம்தான் முதல் நாள் வயரை இழுத்தது ஞாபகம் வந்தது. அந்த டிஸ்க் எழாமல் போயிருந்தால், அவள் குரலை என் கையாலேயே இல்லாமல் ஆக்கியிருப்பேன். ஒரு சாயங்காலத் துணைக்காக.

திரும்பி வந்தபோது நீ அப்படியே உட்கார்ந்திருந்தாய். "சாவிய உங்களுக்கும் அனுப்பட்டாப்பா? நீங்க கேக்கணும்னா..." என்றாய். "வேணாம். அவ எனக்கு வேணாம்னு வச்சது" என்றேன். நீ வற்புறுத்தவில்லை. இருட்டியதும் "முடிஞ்சிருச்சுப்பா" என்று சொல்லி, டிஸ்க்கைக் கழற்றச் சொன்னாய். பழைய லேப்டாப்பை வீட்டில் வைக்க வேண்டாம், பாயிடமே கொடுத்துவிடுங்கள், புது டிஸ்க் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றாய். பூட்டியிருப்பதால் யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்றாய். வயர் விஷயத்தைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரம் மறுபடி கோரிப்பாளையம் போனேன். பாய் டிஸ்க்கைச் சொருகிப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்குண்ணே, எல்லாம் சேதாரம் இல்லாம வந்துருக்கு" என்றார். பிறகு பேச்சுவாக்கில், "ஞாயித்துக்கெழம மதியமே முடிஞ்சிருக்கே. தம்பி கெட்டிக்காரருதான்" என்றார்.

"மதியம் இல்ல பாய், ராத்திரிதான் முடிஞ்சிச்சு. அதுவரைக்கும் ஓடிக்கிட்டு இருந்துச்சே, நான் பக்கத்துலயே உக்காந்துருந்தேன்."

"இல்லண்ணே." அவர் திரையை என் பக்கம் திருப்பி, பூட்டுக்கு வெளியே மெஷின் தானாக எழுதிவைத்த நேரக் குறிப்பில் ஒரு வரியைக் காட்டினார். "கடைசியா எழுதுனது இந்த நேரம். ஒழுங்கா வந்துருக்கான்னு சரி பாத்ததும் சேத்துத்தான். அதுக்கப்பறம் ஒரு எழுத்துகூட எழுதல. சும்மாதான் சொருகிக் கெடந்துருக்கு."

நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே பாலத்திலிருந்து இறங்குகிற பஸ்களின் ஹாரன் சத்தம். நான் கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் முடிந்திருக்கிறது. திரையைக் கறுப்பாக்கியது சூட்டுக்காக அல்ல. மருமகளைப் பற்றிச் சொன்னது, குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டது, அம்மாவைப் பற்றிச் சொல்ல அவ்வளவு நேரம் தயங்கியது, எல்லாமே வேலை முடிந்த பிறகு. பகலெல்லாம் இதே வேலையைப் பார்க்கிறவன் நீ. வயர் எப்படிக் கழன்றது என்று முதல் நாளே உனக்குத் தெரிந்திருக்கும். கேட்டு என்னை வெட்கப்பட வைக்காமல், நீயும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருந்தாய்.

"என்னண்ணே, ஏதும் பிரச்சனையா?" என்றார் பாய். "இல்ல பாய், ஒண்ணுமில்ல" என்று பஸ் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வைகையைப் பார்க்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நானாக உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ பயந்துபோய், "என்னப்பா, ஒடம்புக்கு என்ன?" என்றாய். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன். "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்பறம் கூப்பிடவா?" என்றாய். கூப்பிட்டாய். அதற்குள் நீ களைத்திருந்தாய், நான் சொல்ல நினைத்தது போய்விட்டது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், வைக்கட்டா. பழைய மாதிரியே ஆகிவிட்டது. அதனால் உன்மேல் வருத்தம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்து வருடங்களைச் சரிசெய்துவிட முடியாது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் மணமேடையில் ஏறப்போகிறவனுக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா? சொல்கிறேன். உனக்கு எங்காவது வலித்தால் அவளிடம் சொல். அவள் தாங்கமாட்டாள் என்று நீயாக முடிவு கட்டாதே. உன் அம்மா என்மேல் வைத்த பிரியத்தில்தான் மறைத்தாள், எனக்கு அது தெரியும். ஆனாலும் நான் தாங்கியிருப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. அவளோடு சேர்ந்து ஒரு ராத்திரியாவது விழித்திருக்கும் உரிமை எனக்கு இருந்தது. அதேபோல், அவள் "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அந்த வார்த்தையோடு எழுந்து போய்விடாதே. பக்கத்தில் உட்கார். இன்னொரு தடவை கேள். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறேன். அவள் சொன்னது சரிதான்போல, நான் தாங்கமாட்டாதவன்தான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை. இரண்டில் எது என்று சொல்லக்கூடியவள் இப்போது இல்லை.

டிஸ்க் பீரோவில் இருக்கிறது. அவள் சேலைகளோடு வைக்கவில்லை, தனியாக மேல்தட்டில் வைத்திருக்கிறேன். நீ வந்ததும் எடுத்துக்கொள். சாவி வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னேன். இப்போதும் அதேதான். அவள் உன்னிடம் அழுததை நான் கேட்கக் கூடாது. அது அவள் உனக்குக் கொடுத்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன், முடியாது என்றால் விட்டுவிடு. இத்தனை நாள் பேசியிருக்கிறாள் என்றால் நடுவில் ஏதாவது ஒன்றுமில்லாத பேச்சும் இருக்கும். காய்கறிக்காரனைத் திட்டியிருப்பாள். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று சொல்லியிருப்பாள். கண்ணாடியைத் தேடிக்கொண்டு "இங்கதானே வச்சேன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்திருப்பாள். வலியும் இல்லாத, நானும் இல்லாத அந்த மாதிரி ஒரு சின்னத் துண்டாகப் பார்த்து, அதை மட்டும் திறந்து என் போனுக்கு அனுப்பு. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும். கல்யாணத்தன்று காலையில் எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்பிய பிறகு, நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை கேட்டுவிட்டு வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன்.

அப்பா